அர்ச்சியசிஷ்டரும் வர்ணப் பென்சிலும்

சென்ற அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு அணித்தே ஓர் அடுக்கு வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். நண்பர் கத்தோலிக்கர், நாமும் அந்த மதத்தில் பிறந்து, ஞானோபதேசம் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்தாம். போன சமயம் வீட்டில் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. நவம்பர் முதல் தேதி சகல அர்ச்சியசிஷ்டர் திருநாள் அல்லவா? அதற்காகக் கூடத்து மேசையின்மீது பத்துப் பன்னிரண்டு அச்சடித்த தாள்கள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தாளிலும் ஓர் ஆணோ பெண்ணோ நிற்கிறார். தலைக்குப் பின்னால் ஒரு வட்டம். காலடியில் இங்கிலீஷில் ஒரு பெயர். நண்பரின் ஏழு வயதுப் பெண் குழந்தை வர்ணப் பென்சிலை நாக்கால் நனைத்து நனைத்து அந்த வட்டங்களுக்கெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

“பாருங்கள் அண்ணே, பிள்ளைக்கு வீட்டிலேயே எல்லா அர்ச்சியசிஷ்டரையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்” என்றார் தாயார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க நமக்கு விருப்பமில்லை. ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு படத்தைச் சுட்டி, இவர் யார் என்று குழந்தையைக் கேட்டோம்.

“அந்தோனியார், மாமா. தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துத் தருவார்.”

“இந்த அம்மாள்?”

“பெயர் சீத்தா. மடியில் ரோஜாப்பூ வைத்திருக்கிறார்.”

“அவர் என்ன வேலை செய்தார்?”

குழந்தை சற்று யோசித்துவிட்டு, “அர்ச்சியசிஷ்டர் வேலை” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்த வேளையில் அடுக்களையிலிருந்து மியன்மார் தேசத்து வேலைக்காரப் பெண் வந்து, குழந்தை பலகாரம் தின்றுவிட்டுத் தள்ளி வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். குழந்தை அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. படத்திலிருந்த அர்ச். சீத்தம்மாளின் சேலைத் தலைப்புக்கு நீலம் பூசுவதிலேயே கண்ணாயிருந்தாள்.

இந்தச் சீத்தம்மாள் யார் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை. இத்தாலி தேசத்து லூக்கா நகரில், பன்னிரண்டு வயதில் ஒரு செல்வர் வீட்டுக்கு வேலைக்காரியாகப் போய், 1272-ஆம் ஆண்டில் சாகும்வரை அதே வீட்டில் வேலைக்காரியாகவே இருந்தவர் அவர். எசமானி ஏசுவாள், கூட வேலை செய்பவர்கள் பொறாமைப்பட்டு அடிப்பார்கள். வீட்டு ரொட்டியை மடியில் மறைத்து ஏழைகளுக்குக் கொண்டுபோனார் என்றும், எசமானர் பிடித்துக் கேட்டபோது அது பூவாய் மாறியது என்றும் கதை. பூவை மட்டும் வைத்துக்கொண்டு ரொட்டியையும் வேலைக்காரியையும் எசமானரையும் விட்டுவிட்டால் அந்தக் கதையில் மிஞ்சுவது என்ன? உலகத்து வேலைக்காரிகளுக்கெல்லாம் பாதுகாவலியென்று திருச்சபை வைத்திருக்கும் ஒருவரின் படத்துக்கு வர்ணம் தீட்டும் குழந்தை, தன் எச்சில் தட்டை எடுக்க வந்த வேலைக்காரியைக் காணவில்லையென்றால், அந்த வீட்டில் நடந்தது அர்ச்சியசிஷ்டரைப் பற்றிய பாடமா, வர்ணப் பென்சிலைப் பற்றிய பாடமா என்று கேட்கின்றோம்.

வீட்டிலேயே குழந்தைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பதை நாம் குறை கூறுகின்றோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நாம் பிள்ளைகளாயிருந்த காலத்தில் ஞானோபதேசம் என்பது உபதேசியாரின் பிரம்புக்கும் நமது முழங்காலுக்கும் இடையே நடந்த ஒரு விவகாரம். கேள்வி அவரே கேட்பார். பதிலும் அவரே எழுதி வைத்திருப்பார். நாம் நடுவில் கிளிப்பிள்ளை. அதைவிட மேசை, காகிதம், கத்தரிக்கோல், தாயின் மடி ஆகியவை ஆயிரம் மடங்கு மேல். கையால் செய்வது மனத்தில் தங்கும் என்பதும் உண்மையே. கையால் செய்வது இன்னது என்பதில்தான் நமது வழக்கு. மஞ்சள் வட்டம் தங்குகிறது, மனிதர் தங்கவில்லை.

அந்தோனியாரையே எடுத்துக்கொள்வோம். தமிழர் வீடுகளில் இவருக்குள்ள செல்வாக்கு வேறெவருக்கும் இல்லை. புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் கூடுகின்ற கூட்டமே சாட்சி. சிங்கப்பூரில் சாவி தொலைந்தாலும், கைப்பேசி தொலைந்தாலும், கடவுச்சீட்டு தொலைந்தாலும் முதலில் அவர் பெயர்தான். அவரைத் தொலைந்த பொருள் இலாகாவின் தலைமைக் குமாஸ்தாவாக ஆக்கிவிட்டோம். அவர் செய்த வேலைகளில் ஒன்றைச் சொல்கிறோம், கேளுங்கள். பதுவை நகரில் வட்டிக்காரர்களின் கொடுமை தலைவிரித்தாடிய காலம். கடனைக் கட்ட மாட்டாதவனைச் சிறையில் தள்ளிச் சாகும்வரை வைத்திருப்பார்கள். அந்தோனியார் அதை எதிர்த்து மேடையேறிப் பேசினார். அதன் பலனாக 1231-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நகர ஆட்சியினர் ஒரு சட்டம் செய்தார்கள்: கடன்பட்டவன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவன் உடலைச் சிறையில் வைக்கக் கூடாது. அந்தோனியாரின் வேண்டுகோளின்பேரில் இது செய்யப்பட்டது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் இறந்தார்; வயது முப்பத்தாறுக்குள்தான்.

இதைக் கிராஞ்சியில் இருக்கும் குழந்தைக்குச் சொல்லக்கூடாதா? அந்த வீட்டுச் சன்னலிலிருந்து சற்றுத் தொலைவில் தொழிலாளர் விடுதிகள் இருக்கின்றன. அங்கே படுத்திருக்கும் புதுக்கோட்டைக்காரனும் இராமநாதபுரத்தானும் வங்காளத்தானும் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்காக ஊரில் நிலத்தையும் மனைவியின் தாலிக்கொடியையும் அடகு வைத்துவிட்டு வந்தவர்கள். வந்த பிறகு முதல் ஓராண்டுச் சம்பளம் கடனுக்கே போவது பலருடைய கதை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போகும் பஸ்ஸில் அவர்கள் ஏறினால் நமது தாய்மார் குழந்தையை இழுத்து மடிமேல் வைத்துக்கொள்கிறார்கள். அந்தோனியார் இன்று கிராஞ்சிக்கு வந்தால் யாருடைய சாவியைத் தேடப் போவார், யாருடைய அடகுச்சீட்டைத் தேடப் போவார் என்று குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கடன் என்றால் விளங்கும். அடுத்த வீட்டுப் பையனிடம் வாங்கிய அழிப்பானைத் திருப்பிக் கொடுக்காமல் தவித்த குழந்தை எது இல்லை?

இந்த விஷயம் தமிழனுக்குப் புதிதும் அல்ல. அர்ச். சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துச் செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பரதவர் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குக் கற்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுப்பாடம் என்று இன்று நாம் சொல்வதை நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் கடற்கரை மணலில் தமிழிலேயே செய்து காட்டினார். அந்த மணிச்சத்தத்தை நாம் மதிக்கின்றோம்.

ஆனால் அதே பிள்ளைகளை வைத்துச் சவேரியார் செய்த மற்றொரு காரியமும் அவர் கடிதங்களிலேயே இருக்கிறது. எந்த வீட்டில் பழைய விக்கிரகம் வணங்கப்படுகிறது என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள்; பிறகு அதே பிள்ளைகள் கூட்டமாய்ப் போய் அதை உடைத்து மிதிப்பார்கள். பெற்றோரை வேவு பார்க்கவும் அயலார் தெய்வத்தை மிதிக்கவும் பழக்கப்பட்ட குழந்தை! மனப்பாடம் மட்டும் ஏற்றி, யோசிக்கும் பழக்கத்தை ஏற்றாமல் விட்டால் குழந்தை யார் கைக்கும் கருவியாகும். டிசம்பர் 3-ஆம் தேதி அவர் திருநாளுக்கு மணி செய்து விளையாடட்டும், தடுக்கவில்லை. விக்கிரகம் உடைத்தது சரியா என்றும் அன்றைக்கே பிள்ளையிடம் கேளுங்கள். மாரியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரே வரிசையில் நிற்கின்ற ஊரில் வளரும் பிள்ளை நல்ல பதில் சொல்லும்.

சவேரியாருக்குப் பின் அக்கரையில் உழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கசு சுவாமியார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்கத் தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டார். 1586-இல் அவரே அர்ச்சியசிஷ்டரின் வரலாறுகளைத் தமிழில் எழுதிப் பெரும் புத்தகமாக அச்சேற்றினார். ஆம், தோழர்களே! திருக்குறள் அச்சேறுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னர், முத்துக்குளிப்பவர்கள் படிக்கவேண்டுமென்று அர்ச்சியசிஷ்டர் சரித்திரம் தமிழில் அச்சாகிவிட்டது. வீரமாமுனிவர் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கித் ‘தேம்பாவணி’ என்று 3,615 செய்யுளில் காவியமே பாடிவிட்டார். இங்கே சிங்கப்பூரில் ஓபிர் ரோட்டு லூர்து மாதா கோயில் 1888-இல் எழுந்ததே தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் மொழியில் செபிக்க வேண்டும் என்பதற்காக. இவ்வளவும் இருக்க, நமது வீட்டு மேசைமேல் கிடக்கும் தாள் ஒன்றிலாவது ஒரு தமிழ் எழுத்து உண்டா? அதில் காணும் குளிர்ச்சட்டையும் பனிக்கட்டியும் எந்தத் தமிழ்ப் பிள்ளை கண்டவை? டிசம்பர் 6-இல் அர்ச். நிக்கோலாசுக்காக வாசலில் சப்பாத்து வைத்தால் மிட்டாய் விழும் என்கிறார்கள். அந்த மிட்டாய்க்கு மூலம், மகள்களை விற்கும் நிலைக்கு வந்துவிட்ட ஏழைத் தகப்பன் வீட்டில் இரவோடிரவாகப் பணமுடிப்பை எறிந்துவிட்டுப் பெயர் சொல்லாமல் ஓடிய ஒருவரின் கதை. கொடுத்தவர் முகத்தை மறைத்தார். நாம் சப்பாத்தைப் புகைப்படம் எடுத்து உலகமெல்லாம் அனுப்புகின்றோம்.

நிற்க. இனி நமது கட்டுரையின் முக்கிய விஷயத்துக்கு வருவோம்.

2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிசு, தேவசகாயத்தை அர்ச்சியசிஷ்டர் என்று அறிக்கையிட்டார். குருவாகவோ கன்னியாஸ்திரீயாகவோ அல்லாத இல்லறத்தார் ஒருவர் இந்தியாவிலிருந்து இப்பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. நீலகண்டன் என்ற பெயருடன் 1712-இல் நட்டாலத்தில் நாயர் குலத்தில் பிறந்து, மார்த்தாண்ட வர்மன் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். 1741-இல் குளச்சல் போரில் தோற்று, பின் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் நட்பால் கிறித்துவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதன் பின் தாழ்ந்தவர் என்று தள்ளப்பட்டவரோடு உண்டார், உறவாடினார். எல்லாச் சாதியாரும் சமம் என்று வாய்விட்டுச் சொன்னார். 1749-இல் பிடிபட்டார். எருமைமீது பின்புறம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள் என்பது வழிவழி வந்த வரலாறு. 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரச துரோகத்துக்காகக் கொன்றார்கள் என்று வாதிப்போரும் உளர். அந்த வாதத்தையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கேட்கும் காது வளர்வதில் எந்த அர்ச்சியசிஷ்டருக்கும் நட்டம் இல்லை.

சாதிப்பேதத்தை மறுத்துச் செத்த இந்த மனிதரை நாம் எப்படி அழைத்து வந்தோம்? தேவசகாயம் பிள்ளை! வாழ்ந்தபோது அவர் உதறியதைச் செத்தபின் அவர் பெயரில் ஒட்ட வைத்து, செபப் புத்தகத்தில் அச்சடித்து, குழந்தைகளைச் சொல்லவும் செய்தோம். சாதிப் பட்டம் வேண்டாம் என்று சிலர் ரோமாபுரிக்கு எழுதிய பிறகு, 2020-இல் அந்த ஒட்டு நீக்கப்பட்டது. ரோமாபுரி நீக்கிவிட்டது, நமது வீடுகள் நீக்கினவா? கத்தோலிக்க வரன் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். ஆர்.சி. என்ற இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறதல்லவா? அந்த மூன்றாவது சொல்தான் மணப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. முதல் இரண்டெழுத்து மோதிரத்துக்கு மட்டும். கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்த கப்பலில் இந்தச் சரக்குக்குச் சுங்கம் கிடையாது போலும்!

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தின் கதை இன்னும் பெரிது. 1872-இல் அங்கே கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு இரண்டு கால்கள். கால்சட்டையைப் போல இரு நீண்ட மண்டபங்கள் ஒரே பீடத்தில் போய்ச் சேரும். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார் முதலியோர். நடுவே சுவர். இருவருக்கும் குருவானவர் தெரிவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இப்படி ஒரு கட்டிடத்தை வரைந்த கொத்தனாரின் திறமையை மெச்சுவதா, அதற்குள் முழங்காலிட்டவர்களின் பக்தியை மெச்சுவதா, நாமறியோம்! 1910-இல் கௌசானெல் சுவாமியார் அந்தச் சுவரை இடித்துத் தள்ளினார். இடித்தவுடன் சமாதானம் வந்ததா? வழக்கு வந்தது. பிரிந்திருப்பது தங்கள் உரிமை என்று ஒரு கட்சியார் வழக்காடி, சென்னை உயர்நீதிமன்றம் வரையில் சென்று 1917-இல் தோற்றார்கள். இன்றுங்கூடத் தமிழ்நாட்டில் சில ஊர்களில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் சாதிக்கு ஒன்றாய் இருக்கிறது. உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறவர்கள், எழும்போதும் பக்கத்துக் குழியில் இன்னார்தான் எழவேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, வீட்டில் செய்யக்கூடிய எளிய வேலை வேண்டும் என்று கேட்கும் தாய்மாருக்கு நாம் ஒன்று சொல்கிறோம். இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முனையில் சேர்த்துக் கோணலாக ஒட்டினால் வடக்கன்குளத்துக் கோயில் ஆகிவிடும். சேரும் இடத்தில் தீப்பெட்டியால் பீடம். இரு பக்கமும் துணி மாட்டும் கிளிப்புகளைச் சனங்களாக நிறுத்துங்கள். இவர்கள் ஏன் அந்தப் பக்கத்தாரைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளை கேட்கும். கேட்காமல் இராது. பதிலைச் சொல்லுங்கள். பிறகு கத்தரிக்கோலைப் பிள்ளை கையில் கொடுத்து நடுச்சுவரை வெட்டச் சொல்லுங்கள். காசு செலவு இல்லை, வர்ணமும் வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். பிஞ்சு மனத்தில் சாதி, கொலை, சிறை இவற்றையெல்லாம் புகுத்தலாமா என்பார்கள். நல்ல கேள்விதான், கேட்பவர்கள் வீட்டுச் சுவரைச் சற்றுப் பார்க்கட்டும். ஆணி அறைந்த உடல் ஒன்று அங்கே தொங்குகிறது. அம்பு தைத்த செபஸ்தியார் பக்கத்தில் இருக்கிறார். பிடுங்கிய கண்களைத் தட்டில் ஏந்திய லூசியம்மாளுக்குக் குழந்தை நேற்றுத்தான் வர்ணம் தீட்டியது. இரத்தம் குழந்தைக்கு ஆகாது என்பது இவர்கள் கவலையானால் முதலில் இவற்றைக் கழற்றியிருப்பார்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி சிந்திய இரத்தம் குழந்தைக்கு ஆகும். நமது பாட்டன்மார் எழுப்பிய சுவர் மட்டும் ஆகாது! தூரத்துக் கொடுமை பக்தி ஆகிறது, வீட்டுக் கொடுமை பேசத்தகாதது ஆகிறது. பிஞ்சு மனம் என்று சொல்லிக்கொண்டு பெரியவர்கள் தங்கள் மனத்தைத்தான் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

சாதியைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும் என்பதும் வீண் நம்பிக்கை. ஊரிலிருந்து வரும் அத்தை சொல்லிக்கொடுப்பாள். கலியாணப் பேச்சு சொல்லிக்கொடுக்கும். தேவசகாயத்தின் வாயால் முதலில் கேட்பதா, அத்தையின் வாயால் முதலில் கேட்பதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

மணிக் கணக்கு என்று ஒரு வழக்கமும் இப்போது பரவி வருகிறது. குழந்தை ஒரு நற்செயல் செய்தால் கயிற்றில் ஒரு மணியை நகர்த்த வேண்டும்; மாலையில் தாய் எண்ணிப் பார்ப்பாள். லிசியே நகரத்துத் தெரேசம்மாள் சிறுமியாயிருந்தபோது இப்படிச் செய்தார் என்று ஆதாரம் காட்டுகிறார்கள். செய்தது உண்மை. அதே தெரேசம்மாள் வளர்ந்த பிறகு, கடவுள் முன்னிலையில் கணக்கேதும் கொண்டுபோகாமல் வெறுங்கையோடு நிற்கவே விரும்புவதாக எழுதினார் என்பதையும், 1897-இல் இருபத்து நான்கு வயதில் இறக்கும்போது மணிக்கயிறு அவருக்கு வெகு தூரத்தில் இருந்தது என்பதையும் ஏன் சொல்வதில்லை? ஏழு வயதில் பேரேடு பழகிய குழந்தை எழுபது வயதிலும் மோட்சத்தோடு வட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு வேலை கிடைத்ததும் மெழுகுவர்த்தியின் நீளத்தை அளக்கிற நமது பெரியவர்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நமது சீர்திருத்தத் தோழர்களில் சிலர், இவ்வளவு தொல்லை எதற்கு, அர்ச்சியசிஷ்டர் என்பதே புரட்டு. பிள்ளைக்கு அதைச் சொல்லவே வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கும் நமது பதில் உண்டு. கட்டுக்கதை எது, நடந்தது எது என்று பிரித்துப் பார்க்கும் வேலையைத் திருச்சபையே ஓரளவு செய்திருக்கிறது. 1969-இல் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது கிறிஸ்தோபர் முதலிய சிலரின் திருநாட்களை அதிலிருந்து எடுத்துவிட்டது. மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் கிறிஸ்தோபரை ஒட்டி வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் இச்செய்தி இன்னும் எட்டவில்லை. பிள்ளை “இது மெய்யாக நடந்ததா?” என்று கேட்டால், “இது நடந்தது, இது கதை, இது எனக்குத் தெரியாது” என்று மூன்று விதமாகப் பதில் சொல்லத் தாய் பழகட்டும். அந்தப் பழக்கம் ஒன்றே ஒரு பகுத்தறிவுப் பள்ளிக்கூடம். மேலும், வேலைக்காரிக்கும் கடனாளிக்கும் நோயாளிக்கும் பக்கத்தில் நின்ற மனிதர்களின் கதையைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டு அந்த இடத்தில் நாம் எதை வைக்கப் போகிறோம்? கைப்பேசியில் பொம்மைச் சண்டையையா?

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே சற்று விரித்துச் சொல்ல ஆசை. யோசேப்பு வாசு சுவாமியார் கோவாக்காரர். டச்சுக்காரர் கத்தோலிக்க மதத்தைத் தடுத்திருந்த காலத்தில், 1687-இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்குள் புகுந்து யாழ்ப்பாணத்தை அடைந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிருந்தார். 1697-இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டுப் போனார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரரே காட்டில் விட்டார்கள். வாசு சுவாமியார் போகவில்லை. குடிசை போட்டு, புண் கழுவி, கஞ்சி ஊற்றி, செத்தவர்களைப் புதைத்தார். எந்த மதத்தான் என்று கேட்கவில்லை. 2015-இல் கொழும்பில் பாப்பரசர் இவருக்குப் பட்டம் அளித்தார்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தத் தீவில் கொரோனா நோய் தொழிலாளர் விடுதிகளில் பரவி, விடுதிகள் அடைக்கப்பட்டபோது, கிராஞ்சிப் பக்கத்து அடுக்கு வீடுகளிலும் செபமாலை உருட்டப்பட்டது. நமது வீட்டுக்குள் நோய் வரக்கூடாது என்று! ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருந்த விடுதிக்குச் சோறும் சோப்பும் கைப்பேசி அட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, அல்லாதாரும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிள்ளைக்குச் சொன்னோமா? கூலி வேடத்தில் வந்த வாசு சுவாமியாருக்கு வர்ணம் தீட்டும் பிள்ளை, மெய்யான கூலியாள் மின்தூக்கியில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டால் குற்றம் யாருடையது?

இக் கிராஞ்சி மண்ணிலும் கதைகள் இல்லாமலில்லை. 1821-இல் சீனத்துக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கி, இங்கிருந்த பத்துப் பன்னிரண்டு கத்தோலிக்கரைக் கண்டு சென்ற இம்பேர் சுவாமியார், 1839-இல் கொரியாவில் தம்மைத் தேடி ஏழைச் சனங்கள் வதைக்கப்படுவதைப் பொறுக்காமல் தாமே வந்து பிடிபட்டுத் தலை கொடுத்தார். அவரும் இன்று அர்ச்சியசிஷ்டர். 1851-இல் கிராஞ்சி, புக்கித் தீமாப் பக்கத்துக் காம்பியர்த் தோட்டங்களில், இரகசியச் சங்கங்களுக்குக் கட்டுப்படாத சீனக் கத்தோலிக்கக் குடியானவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு ஒளிவட்டமும் இல்லை, வர்ணத் தாளும் இல்லை. கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. கல்லறை கிடைக்காத இந்தியப் படையினர் ஆயிரக்கணக்கானோர் அவற்றில் அடக்கம். நவம்பர் 2-ஆம் தேதி மரித்த ஆன்மாக்கள் நாள். அன்றைக்குப் பிள்ளையை அங்கே கூட்டிப்போய், ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, இவன் ஊரில் தாய் இருந்திருப்பாளா என்று யோசிக்கச் சொல்லிப் பாருங்கள். நடை தூரம், பஸ்ஸும் உண்டு.

வேலைக்காரப் பெண்ணின் விஷயத்துக்கு மீண்டும் வருகின்றோம். அதுதான் நமக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. 2013 முதல் இந்நாட்டுச் சட்டப்படி வீட்டு வேலைக்காரிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. காசு கொடுத்து அந்த நாளையும் வாங்கிவிடும் வழக்கம் மிஞ்சியதால், மாதத்தில் ஒரு நாளையாவது காசுக்கு வாங்கக் கூடாது என்று 2023 முதல் விதி செய்ய நேர்ந்தது. கடவுளே ஏழாம் நாள் ஓய்ந்தார் என்று ஞாயிறுதோறும் கேட்கிறவர்களுக்கு இதற்கொரு சர்க்கார் விதி வேண்டியிருந்தது! ஏப்ரல் 27 அர்ச். சீத்தம்மாள் திருநாள். அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகள் பாத்திரம் துலக்கட்டும். அந்தப் பெண்ணின் பெயரையும், அவள் தாயின் பெயரையும், அவள் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் அதை மறந்துவிடாமல் தங்கள் தட்டைத் தாங்களே கழுவட்டும். தகப்பனும் கழுவலாம், இதற்கு விலக்கு எந்தச் சபைக் கட்டளையிலும் இல்லை.

இவற்றையெல்லாம் நண்பரிடமும் அவர் மனைவியிடமும் அன்றே சொன்னோம். அம்மையாருக்குச் சற்று மனத்தாங்கல், நமக்கும் சங்கடந்தான். ஆயினும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். போகும்போது இரண்டு சப்பாத்துப் பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனோம். குழந்தை வெகு உற்சாகமாய் ஒட்டினாள். கிளிப்புகளை இரு பக்கமும் வரிசையாக நிறுத்தினாள். வேலைக்காரப் பெண்ணும் வந்து தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிப் பீடத்துக்கு வெள்ளைக் காகிதம் சுற்றிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்து, குழந்தை நடுச்சுவரைக் கையால் தடவிக்கொண்டே தகப்பனாரைப் பார்த்துக் கேட்டாள்: “அப்பா, அப்போது நாம் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்?”

நண்பருக்கு விடை தெரியும். அவர் பதில் சொல்லாமல் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார். அது பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.